வாசலில் ஒரு பெயர்: ஜெர்மனியில் இடறுகல் பதிக்க விரும்புவோருக்கு

ஜெர்மனியின் நகரங்களில் குனிந்து பார்த்து நடப்பவர்கள், ஏதாவது ஒரு வீட்டு வாசலுக்கு முன்னால் உள்ளங்கையளவு பித்தளைத் தகடு ஒன்று நடைபாதைக் கற்களோடு கற்களாகப் பதிந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நாடுகடத்தப்பட்ட ஆண்டு, கொல்லப்பட்ட இடம் என்று சில வரிகளில் அது முடிந்துவிடும். ஜெர்மன் மொழியில் இதை ஷ்டோல்பர்ஷ்டைன் என்கிறார்கள். தமிழில் இடறுகல் எனலாம். கால் இடறுவதில்லை, பார்வைதான் இடறுகிறது.

இதைத் தொடங்கிவைத்தவர் குன்டர் டெம்னிக் என்ற கலைஞர். 1940 மே மாதத்தில் சின்டி, ரோமா என்ற சிறுபான்மை இன மக்கள் கொலோன் நகரத்திலிருந்து நாடுகடத்தப்பட்ட பாதையை 1990இல் அவர் தெருக்களில் வண்ணத்தால் வரைந்து காட்டினார். 1992 டிசம்பர் 16 அன்று அதே நகரத்தின் பழைய நகர்மன்றக் கட்டடத்துக்கு முன்னால் முதல் கல்லைப் பதித்தார். 1996இல் பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில் முன் அனுமதி இல்லாமலேயே கற்கள் பதிக்கப்பட்டன. 2023 மே மாதம் நியூரம்பெர்க்கில் ஒரு லட்சமாவது கல் இடம்பெற்றது. நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட, துரத்தப்பட்ட எல்லாத் தரப்பினருக்கும் இக்கற்கள் உண்டு என்றாலும் மிகுதியானவை யூதர்களுக்குரியவை. கீழே சொல்லப்படுவதும் அவர்களைப் பற்றியே.

நான் வசிக்கும் நகரத்தில் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து சில ஆண்டுகளாக இந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, ஒரு கல்லுக்கு எவ்வளவு செலவாகும் என்பதுதான். நெடுங்காலம் அது 120 யூரோவாக இருந்தது. இப்போதைய தொகையை டெம்னிக்கின் அறக்கட்டளையே சொல்லும். பணம் எளிதில் சேர்ந்துவிடும். ஒருவருடைய பெயரையும் வாழ்க்கையையும் பிழையில்லாமல் மீட்டெடுப்பதும், அந்தப் பெயருக்கு உரியவர்களை முதலில் கேட்பதும்தான் இந்த வேலையின் முக்கால் பங்கு. அதைச் செய்யாமல் பதிக்கப்படும் கல், எவ்வளவு நல்லெண்ணத்தோடு பதிக்கப்பட்டாலும், இறந்தவருக்கு இன்னொரு முறை இழைக்கப்படும் அநீதியாக முடியக்கூடும்.

யாரைக் கேட்பது

முதலில் உங்கள் நகராட்சியில் அல்லது நகர ஆவணக்காப்பகத்தில் விசாரியுங்கள். பல நகரங்களில் இதற்கென ஒருங்கிணைப்புக் குழுக்கள் இருக்கின்றன. நீங்கள் தேடும் நபரைப் பற்றி ஏற்கெனவே யாராவது ஆராய்ந்திருக்கலாம். நடைபாதை நகரத்துக்குச் சொந்தமானது என்பதால் நகராட்சியின் அனுமதி கட்டாயம் வேண்டும். பதித்த பிறகு கல்லும் நகரத்தின் உடைமையாகிவிடும். வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் அவருக்கும் அக்கட்டடத்தில் குடியிருப்போருக்கும் முன்னதாக ஒரு கடிதம் எழுதிவிடுவது நல்லது, ஏனெனில் தினமும் அந்தக் கல்லைக் கடந்து செல்லப்போகிறவர்கள் அவர்கள்தான்.

மியூனிக்கில் நிலைமை வேறு. 2004இல் அந்நகர மன்றம் பொது இடத்தில் இக்கற்களை அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. 2015இல் அதையே மீண்டும் உறுதிசெய்தது. அங்குள்ள யூத சமூகத்தின் தலைவர் ஷார்லோட்டே க்னோப்லோக் இக்கற்களை உறுதியாக எதிர்த்தவர். சிறுமியாக இருந்தபோது ஒரு கிராமத்தில் கத்தோலிக்கக் குழந்தை என்ற பெயரில் ஒளித்து வைக்கப்பட்டு உயிர்பிழைத்த அவர், கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் மறுபடியும் காலடியில் மிதிபடுவதை ஏற்க முடியாது என்றார். 2018 முதல் மியூனிக்கில் வீட்டுச் சுவரிலோ தனித் தூணிலோ கண்மட்டத்தில் நினைவுத் தகடுகள் வைக்கப்படுகின்றன. கல்லின் மீது பற்றுள்ள எனக்கு அந்த எதிர்ப்பு தொடக்கத்தில் புரியவில்லை. இன்று அது முழுக்க நியாயமான வாதம் என்றே எண்ணுகிறேன். பெயரை வாசிக்க நாம் குனிய வேண்டியிருக்கிறது, அதுவே ஒரு வணக்கம் என்ற மறுவாதமும் உண்மையே. இந்த இரண்டில் எது சரி என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கோ எனக்கோ இல்லை; அந்தக் குடும்பத்துக்கே உண்டு.

ஆகவே சந்ததியினரைத் தேடுங்கள். எருசலேமிலுள்ள யாத் வஷெம் நினைவகம் 1950கள் முதல் சாட்சிப் பக்கங்கள் எனப்படும் படிவங்களைத் திரட்டி வருகிறது. உறவினரோ நண்பரோ நிரப்பிய அந்தப் படிவங்களை இணையத்தில் பார்க்கலாம். நிரப்பியவரின் பெயரும் அவருக்கு என்ன உறவு என்பதும் அதிலேயே இருக்கும். அங்கிருந்து நூல் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பேத்தியையோ தம்பி மகனையோ அடைய வாய்ப்புண்டு.

அவர்களுக்கு எழுதும் முதல் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் யார், எந்த வீட்டில் அல்லது தெருவில் வசிக்கிறீர்கள், என்ன கண்டறிந்தீர்கள், என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்ற நான்கையும் எழுதிவிட்டு, ‘இதை நீங்கள் விரும்பாவிட்டால் நாங்கள் செய்ய மாட்டோம்’ என்ற வாக்கியத்தையும் தவறாமல் சேர்த்துவிடுங்கள். ஆவணங்களின் நகல்களை முதல் கடிதத்திலேயே இணைக்காதீர்கள். தன் பாட்டியின் கையெழுத்தை, அதுவும் நாடுகடத்தலுக்கு முன் அவரிடம் வாங்கப்பட்ட படிவத்தில், ஒருவர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பார்க்கும்படி நேரக்கூடாது. அவர்கள் கேட்ட பிறகு அனுப்புங்கள். மறுமொழி வர மாதக்கணக்கில் ஆகலாம். வேண்டாம் என்ற பதிலும் வரலாம். அப்போது விளக்கம் கேட்காமல் விலகிவிட வேண்டும்.

ஆவணங்களில் தேடுதல்

உங்கள் கையில் பெயர் இருந்தால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களைத் தொகுத்திருக்கும், ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் நினைவு நூலில் தொடங்குங்கள். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அடுத்தது ஹெஸ்ஸன் மாநிலத்தின் பாட் ஆரோல்சன் நகரிலுள்ள ஆரோல்சன் ஆவணக்காப்பகம். நாஜி ஆட்சியால் பாதிக்கப்பட்ட சுமார் 1.75 கோடிப் பேரைப் பற்றிய தாள்கள் அங்கே இருக்கின்றன, அவற்றில் பெரும்பகுதி இணையத்திலும் கிடைக்கிறது. கையில் வீட்டு முகவரி மட்டுமே இருந்தால், 1930களின் நகர முகவரிப் புத்தகங்களைப் புரட்ட வேண்டும். தெருப்பெயர்களும் வீட்டு எண்களும் இடையில் மாறியிருக்கும் என்பதால் பழைய நகர வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

முகவரி விஷயத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள், நாங்களும் தவறினோம். கல் பதிக்க வேண்டிய இடம், அந்த நபர் கடைசியாகத் தன் விருப்பப்படி வாழ்ந்த வீடு. நாடுகடத்தல் பட்டியலில் காணப்படும் முகவரி பெரும்பாலும் அதுவாக இருக்காது. 1939 ஏப்ரல் 30ஆம் தேதியிட்ட சட்டம் யூதக் குடித்தனக்காரர்களின் வாடகைப் பாதுகாப்பைப் பறித்தது. அதன்பின் அவர்கள் ‘யூத வீடுகள்’ என்று குறிக்கப்பட்ட கட்டடங்களுக்குள் அறைக்கு ஒரு குடும்பமாக அடைக்கப்பட்டார்கள். ஒரு தம்பதிக்காக நாங்கள் எல்லா ஏற்பாடுகளையும் முடித்து, விண்ணப்பம் அனுப்பும் கட்டத்தில் இருந்தபோது, அவர்களுடைய உறவினரான மூதாட்டி ஒருவரிடமிருந்து பதில் வந்தது. “அது அவர்களுடைய வீடு அல்ல, அவர்கள் காத்திருக்க வைக்கப்பட்ட இடம்” என்று அவர் எழுதியிருந்தார். உண்மையான வீடு மூன்று தெருக்கள் தள்ளி இருந்தது. அதன் தரைத்தளத்தில் அவர்களுடைய கடையும் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து பட்டியல் முகவரியை மட்டும் நம்பி நாங்கள் எதையும் செய்வதில்லை.

இதைச் சரிபார்க்க உதவும் ஆவணங்களில் ஒன்று 1939 மே 17ஆம் தேதிக் கணக்கெடுப்பு. அன்று ஒவ்வொரு வீட்டிலும் கூடுதல் அட்டை ஒன்று கொடுக்கப்பட்டு, தாத்தா பாட்டிகள் நால்வரில் யார் யார் யூதர் என்று கேட்கப்பட்டது. மக்களைத் தரம்பிரிக்கத் திரட்டிய தகவலைக் கொண்டே இன்று அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்று அறிகிறோம். இந்த வேலையில் கையிலெடுக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு தாளும் இப்படித்தான், துன்புறுத்தியவர்கள் எழுதியது.

ஆகையால் அந்தத் தாள்களின் மொழியை அப்படியே நம்பக் கூடாது. ‘வெளியேறினார்’, ‘கிழக்குக்கு இடம்பெயர்ந்தார்’, ‘முகவரி தெரியாத இடத்துக்குச் சென்றார்’ என்று பதிவு அட்டையில் இருந்தால், அவர் தாமாகப் புறப்பட்டுப் போனார் என்று பொருளல்ல. 1939 ஜனவரி 1 முதல் யூத ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயரைச் சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள்; ஆவணத்தில் அப்பெயர் இருந்தால், பிறப்புப் பதிவைப் பார்த்து அது பெற்றோர் வைத்ததா, ஆணையால் திணிக்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ளுங்கள். திணிக்கப்பட்டது கல்லில் வரவே கூடாது. இறந்த நாள் 1945 மே 8 என்றோ அதே ஆண்டு டிசம்பர் 31 என்றோ இருந்தால், அது போருக்குப் பின் நீதிமன்றம் சட்டத் தேவைக்காகக் குறித்த தேதி. உண்மையில் அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே கொல்லப்பட்டிருக்கலாம். இடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். 1941 நவம்பரில் லாட்வியாவின் ரீகாவுக்கு என்று குறிக்கப்பட்ட சில ரயில்கள் லிதுவேனியாவின் கௌனஸுக்குத் திருப்பிவிடப்பட்டன. பெர்லின், மியூனிக், ஃப்ராங்க்ஃபர்ட் நகரங்களிலிருந்து வந்தவர்கள் நவம்பர் 25 அன்றும், வியன்னா, ப்ரெஸ்லாவ் நகரங்களிலிருந்து வந்தவர்கள் நவம்பர் 29 அன்றும் அங்குள்ள ஒன்பதாம் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

எல்லாவற்றிலும் கனமான ஆவணம் சொத்து அறிக்கைப் படிவம். பெர்லின், ப்ராண்டன்பர்க் பகுதியைச் சேர்ந்தவர்களுடையவை பாட்ஸ்டாமிலுள்ள மாநில ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. நாடுகடத்தலுக்குச் சற்று முன்பாக நிரப்பி வாங்கப்பட்ட 16 பக்கப் படிவம் அது. எத்தனை நாற்காலிகள், எத்தனை திரைச்சீலைகள், எத்தனை தலையணைகள், எத்தனை உள்ளாடைகள் என்று வரி வரியாகக் கேட்கிறது. நான் முதன்முதலாகப் பார்த்த படிவத்தில் ஒரு மூதாட்டி எல்லாப் பத்திகளையும் நடுங்கும் கையெழுத்தில் நிரப்பி, சில இடங்களில் ‘பழையது’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார். அவருக்குப் பின்னான தாள்களில் நீதிமன்ற அமீனா வந்து போட்ட மதிப்பீடு, அறைகலன்களை வாங்கிய வியாபாரியின் ரசீது, காலியாகக் கிடந்த மாதங்களுக்கு வாடகை கேட்டு வீட்டுக்காரர் நிதி அலுவலகத்துக்கு எழுதிய கடிதம், எரிவாயுக் கட்டண பாக்கி ஆகியவை ஒழுங்காகத் தைக்கப்பட்டிருந்தன. அந்தக் கோப்பை மூடிவிட்டு வெளியே வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே நாளில் இரண்டு கோப்புகளுக்கு மேல் படிக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

போருக்குப் பிந்தைய இழப்பீட்டுக் கோப்புகளையும் விட்டுவிடக் கூடாது. 1956ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ், உயிர்பிழைத்தவர்கள் தங்களுக்கு நேர்ந்ததைத் தாங்களே நிரூபிக்க வேண்டியிருந்தது. மருத்துவச் சான்றுகள், அண்டை வீட்டாரின் சாட்சியங்கள், கடையின் விற்றுமுதல், மகளுக்கு வாங்கிய பியானோ என்று ஒரு குடும்பத்தின் சாதாரண நாட்கள் அங்கேதான் உயிரோடு இருக்கின்றன, ஏனென்றால் அங்கே முதன்முறையாக அந்தக் குடும்பமே பேசுகிறது. அவர்களின் கோரிக்கைகள் எவ்வளவு ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டன என்பதையும் அதே கோப்பு காட்டிக்கொடுக்கும். 1945க்குப் பிந்தைய அநீதியும் அந்த வாழ்க்கைக் கதையின் பகுதி. நீங்கள் எழுதும் குறிப்பில் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்லில் எழுதப்படுவது

ஒன்பதரைச் சென்டிமீட்டர் சதுரத்தில் இடம் மிகக் குறைவு. எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கையால் அடித்துப் பொறிக்கப்படுகின்றன; கொலையை ஆலைத்தொழிலாக நடத்தியவர்களுக்கு எதிரான நினைவு இயந்திர உற்பத்தியாக இருக்கக் கூடாது என்பது டெம்னிக்கின் பிடிவாதம். அதனால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஒருவருக்கு ஒரு கல் என்பது விதி. தப்பியோடி உயிர்பிழைத்த பிள்ளைகளுக்கும் பெற்றோரின் பக்கத்திலேயே கல் வைக்கலாம், அப்படிப் பிரிந்த குடும்பம் வாசலிலாவது ஒன்றுசேர்கிறது. இதை மறக்காமல் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள், பலருக்கு இது தெரிவதில்லை.

வாசகத்தில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோடுங்கள். நாடுகடத்தல் ஆணை வந்தபின் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவர்களுக்கு ‘தற்கொலை’ என்று எழுதாமல் ‘சாவுக்குள் தப்பினார்’ என்று பொறிக்கும் வழக்கம் இருக்கிறது. நாஜி நீதிமன்றங்கள் சுமத்திய குற்றப்பெயர்களை மேற்கோள் குறிக்குள்ளும் பயன்படுத்தாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பேரப்பிள்ளைகள் சிலர் அத்தகைய வாசகங்களை எதிர்த்துக் குரல் எழுப்பியதும் உண்டு. எபிரேயப் பெயரோ செல்லப்பெயரோ சேர்க்க வேண்டும் என்று குடும்பம் கேட்டால் அறக்கட்டளையிடம் பேசிப் பாருங்கள்.

கல்லில் அடங்காததற்கு வேறு இடம் தேடுங்கள். அந்த நபர் எந்தப் பள்ளியில் படித்தார், எந்த ஜெபஆலயத்துக்குப் போனார், முதல் உலகப்போரில் ஜெர்மன் படையில் இருந்தாரா, பாடகர் குழுவில் பாடினாரா என்பவற்றை ஓரிரு பக்கங்களில் எழுதி நகரத்தின் இணையதளத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பெர்லின், ஹாம்பர்க் நகரங்களில் இத்தகைய வாழ்க்கைக் குறிப்புகள் ஏராளமாகத் திரட்டப்பட்டுள்ளன. நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரை அவருடைய கடைசி மூன்று ஆண்டுகளாகச் சுருக்கிவிடுவது கொலைகாரர்களின் பார்வை.

இன்றைய யூத சமூகமும் பதிக்கும் நாளும்

உள்ளூர் யூத சமூகத்துக்கு எழுதும்போது ஒன்றை மனதில் வையுங்கள். 1933இல் ஜெர்மனியில் சுமார் ஐந்து லட்சம் யூதர்கள் இருந்தார்கள். இன்றைய சமூகங்களின் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் அவர்களின் வாரிசுகள் அல்லர். 1991க்குப் பிறகு முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள். பல ஜெபஆலயங்களில் ஜெர்மனுக்கு இணையாக ரஷ்ய மொழி ஒலிக்கிறது. அவர்களில் பலருடைய தாத்தாக்கள் செஞ்சேனையில் போரிட்டவர்கள். பாட்டிமார் கீவ் நகரின் பாபின் யார் பள்ளத்தாக்குப் படுகொலையில் உறவுகளை இழந்தவர்கள். அவர்களுக்கென்று சொந்த நினைவுகளும், பள்ளி, முதியோர் பராமரிப்பு, மொழி வகுப்பு என்று அன்றாடக் கவலைகளும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை மாலை வைக்கும் நிகழ்ச்சியில் முன்வரிசையை நிரப்ப மட்டும் அவர்களை அழைப்பது மரியாதையல்ல. அவர்கள் திறந்து வைத்திருக்கும் சொற்பொழிவுக்கோ இசை நிகழ்ச்சிக்கோ நீங்கள் முதலில் போங்கள்.

வாசலில் காவல்துறையையும் சோதனையையும் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். 2019 அக்டோபர் 9 அன்று, யோம் கிப்பூர் நோன்பு நாளில், ஹாலே நகர ஜெபஆலயத்துக்குள் புகுந்து கொல்ல ஒருவன் முயன்றான். கதவு தாங்கியதால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள், வெளியே இருவர் உயிரிழந்தார்கள். உங்கள் நிகழ்ச்சியின் இடமும் நேரமும் எப்போது பொதுவில் அறிவிக்கப்பட வேண்டும், யாருடைய பெயரைக் குறிப்பிடலாம், புகைப்படம் எடுக்கலாமா என்பதை வருபவர்களிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

தேதியைக் குறிக்கும்போது வெள்ளிக்கிழமை சூரிய மறைவு முதல் சனிக்கிழமை இரவு வரையிலான சப்பாத் ஓய்வுநாளைத் தவிருங்கள். செப்டம்பர், அக்டோபரில் அடுத்தடுத்து வரும் யூதத் திருநாட்களையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். துயரப்படுவோரின் கத்திஷ் ஜெபத்தைச் சொல்லப் பத்துப் பெரியவர்கள் வேண்டும்; மரபான சமூகங்களில் பத்து ஆண்கள், வேறு சிலவற்றில் பெண்களும் எண்ணிக்கையில் சேர்வர். இதை ஏற்பாடு செய்வதா வேண்டாமா என்பது குடும்பத்தின் விருப்பம்; மதநம்பிக்கை இல்லாத குடும்பங்களும் நிறைய உண்டு. கத்திஷ் சொல்லப்பட்டால் ஆண்கள் தலையை மூடிக்கொண்டு அமைதியாக நிற்பது வழக்கம். முடிந்ததும் கைதட்ட வேண்டாம்.

கல் பதிக்கும் வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பழைய கற்களைப் பெயர்த்து, புதியதை மட்டத்துக்கு இறக்கி, மணல் நிரப்பி, தண்ணீர் ஊற்றித் துடைப்பார்கள். அந்த ஓசை அடங்கும்வரை யாரும் உரையாற்றாமல் இருந்தால் நல்லது. பேச்சுகளைச் சுருக்கி, பெயரையும் வாழ்க்கைக் குறிப்பையும் வாசிக்க நேரம் விடுங்கள். குடும்பத்தினர் வந்திருந்தால் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

அதன் பிறகு

பித்தளை சில மாதங்களில் கறுத்துவிடும். 1938இல் யூதர்கள் மீது நாடெங்கும் வன்முறை ஏவப்பட்ட நவம்பர் 9ஐயும், ஆஷ்விட்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27ஐயும் ஒட்டிப் பலர் கற்களைத் துலக்குகிறார்கள். சாதாரணப் பித்தளை மெருகுப் பசை, மென்மையான பஞ்சு, ஈரத்துணி, காய்ந்த துணி இவ்வளவும் போதும். கம்பித் தூரிகையோ கீறும் நாரோ கூடாது. பசை பக்கத்துக் கற்களைக் கறையாக்காமல் இருக்க, சதுரமாக வெட்டிய அட்டை ஒன்றைச் சுற்றிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கற்கள் பெயர்க்கப்படுவதும் நடக்கிறது. 2012 நவம்பரில் க்ரைஃப்ஸ்வால்ட் நகரத்தில் இருந்த 11 கற்களும் ஒரே இரவில் பிடுங்கப்பட்டன. நகரத்தார் அவற்றுக்குப் பதிலாகப் புதிய கற்களைப் பதித்தார்கள். உங்கள் கல்லுக்கு அப்படி நேர்ந்தால் படம் எடுத்துக் காவல்துறையில் புகார் கொடுத்துவிட்டு, ஊடகங்களுக்குச் சொல்வதற்கு முன் குடும்பத்துக்குத் தெரிவியுங்கள். கட்டட வேலைக்காக நடைபாதை தோண்டப்படும்போதும் கற்கள் தொலைந்துபோவதுண்டு. பள்ளம் வெட்டும் பலகையைக் கண்டவுடன் நகராட்சிக்கு எழுதி, கல்லைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

திரட்டிய ஆவணங்களின் ஒரு தொகுப்பை நகர ஆவணக்காப்பகத்திலும் இன்னொன்றைக் குடும்பத்திடமும் ஒப்படையுங்கள். நினைவு நூலிலோ யாத் வஷெம் பதிவிலோ பெயரின் எழுத்தும் தேதியும் தவறாக இருப்பதைக் கண்டிருந்தால், சான்றின் நகலோடு திருத்தம் கேட்டு எழுதுங்கள். சாட்சிப் பக்கமே இல்லாத பெயராக இருந்தால், அந்தப் படிவத்தை நிரப்பித் தர விரும்புகிறார்களா என்று உறவினர்களைக் கேளுங்கள். உறவினர் எவரும் கிடைக்கவில்லை என்றால், ஆராய்ந்தவர் என்ற முறையில் நீங்களே நிரப்பி அனுப்பலாம்.